பிரசவ அறையிற் கேட்ட குரல்

டொனி மொறிசனின் முதல் நாவலான 'த புளூவஸ்ற் ஐ' (1970), நீலக் கண்களுக்கு ஏங்கும் கறுப்பினச் சிறுமியொருத்தியின் உளவியற் சித்திரமாகவே பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. அவ்வாசிப்பில் அச்சிறுமியின் தாய் போலின் வைத்தியசாலையிற் பிரசவிக்கும் காட்சி பின்தள்ளப்பட்டுவிடுகிறது.

சற்று இலகுவாயிருக்கும் என்றெண்ணியே போலின் இரண்டாவது பிரசவத்துக்கு வைத்தியசாலையை நாடுகிறாள். அங்கு மூத்த வைத்தியர், இத்தகைய பெண்கள் குதிரைகளைப் போல நோவின்றி ஈனுவர் என்று இளையோருக்குப் போதிக்கிறார். வெள்ளைப் பெண்களிடம் நலம் விசாரிப்போர் இவளிடம் பேசுவதில்லை. தனக்கும் நோகும் என்பதை உணர்த்த அவள் உண்மையான நோவிலும் மிகையாக, வேண்டுமென்றே உரத்து முனகுகிறாள். இப்பகுதி போலினின் பேச்சுமொழியிலேயே அமைந்துள்ளமை ஈண்டு நோக்கத்தக்கது. பாடப்பொருளாக்கப்பட்டவளே இங்கு கதைசொல்லியாகிறாள்.

இதனைத் தனிமனித அவமானமாகக் கொள்வது போதாது. வைத்தியரின் கூற்றுக்கு வரலாறுண்டு. 1845 முதல் 1849 வரை அலபாமாவின் மொன்ற்கொமரி நகரில் மரியன் சிம்ஸ் என்பவர் அடிமைப் பெண்கள்மீது மயக்கமருந்தின்றிச் சத்திரசிகிச்சைப் பரிசோதனைகளை நடத்தினார். (அவரது சிலை நியூயோர்க்கின் மத்திய பூங்காவிலிருந்து 2018 இலேயே அகற்றப்பட்டது.) அடிமையின் கருப்பை உடைமையாளனுக்குப் புதிய உழைப்பாளரைத் தரும் சொத்தாயிருந்தது; அதனைச் செப்பனிடுவதில் அவனுக்கு நலனிருந்தது. அடிமைமுறை ஒழிந்த பின்னரோ வறிய கறுப்பினத் தாயின் மகப்பேறு அரசுக்குச் சுமையெனக் காட்டப்பட்டது. 1973 இல் அதே மொன்ற்கொமரியில், அரச நிதிபெற்ற நிலையமொன்றினூடாக, 12, 14 வயதுச் சகோதரிகள் இருவர் மலடாக்கப்பட்டனர். எழுத்தறியாத தாய் சம்மதப் பத்திரத்திற் புள்ளடியிட்டிருந்தார். ஏஞ்சலா டேவிஸ் தமது 'விமன், றேஸ் அன்ட் கிளாஸ்' (1981) நூலில் இச்சம்பவத்தையும் 1976 இன் ஹைட் திருத்தத்தையும் ஒருசேர ஆராய்கிறார். வறிய பெண்ணின் கருக்கலைப்புக்கு மத்திய அரசின் நிதி மறுக்கப்பட்டது. மலடாக்குவதற்கு அந்நிதி தாராளமாகக் கிடைத்தது.

டேவிஸ் தரும் இப்பொருளியல் விளக்கம் மொறிசனிடம் இல்லை. இதனை நாவலின் குறைபாடெனச் சுட்டும் நம் விமரிசகர் இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2021 இல் ஐக்கிய அமெரிக்காவில் 100,000 உயிர்ப் பிறப்புகளுக்குக் கறுப்பினத் தாய்மார் மரணம் 69.9, வெள்ளையினத் தாய்மார் மரணம் 26.6. பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களிடையேயும் இவ்விடைவெளி நிரவப்படவில்லை. வறுமையொன்றையே காரணமாக்கும்போது (நானும் அவ்வாறு எழுதியதுண்டு) குதிரை உவமையை நாம் மறந்துவிடுகிறோம். வர்க்க ஒடுக்குமுறை நிறத்தின் வழியே நோயாளியின் உடலை எட்டும் விதத்தை மொறிசன் காட்டுமளவுக்கு நமது கட்டுரைகள் காட்டியதில்லை.

அவ்விளம் வைத்தியருள் ஒருவர் மட்டும் போலினின் முகத்தை நோக்குகிறார். அவள் திருப்பி நோக்கியதும் முகஞ்சிவந்து கண்களைத் தாழ்த்துகிறார். பின்னர் மற்றையோருடன் அவரும் அடுத்த கட்டிலுக்கு நகர்கிறார்.