சூழ்தலும் சுற்றுதலும்: சிறுபாணாற்றுப்படை உவமையும் ஞாயிற்று மையக் கொள்கையும்

முன்னுரை

ஞாயிற்றை நடுவாகக் கொண்டு புவி உள்ளிட்ட கோள்கள் இயங்குகின்றன என்னும் கொள்கையை விளக்கும் கோப்பர்னிக்கசின் நூல் 1543இல் வெளிவந்தது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே சங்கத் தமிழர் இவ்வுண்மையை அறிந்திருந்தனர் என்னும் கருத்து, தமிழரின் அறிவியல் பற்றிய கட்டுரைகளில் தொடர்ந்து இடம்பெற்று வருகிறது. அதற்குப் பெரிதும் சான்றாகக் காட்டப்பெறுவது சிறுபாணாற்றுப்படையில் வரும் ஓர் உவமையாகும். அவ்வுவமை அக்கருத்திற்குச் சான்றாக நிற்குமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

உவமையின் இயல்பு

ஓய்மானாட்டு நல்லியக்கோடன் தன்னை நாடி வந்த பாணர்க்குப் பொற்கலத்தில் விருந்தளிப்பதை நத்தத்தனார் பாடுகிறார். கோள்மீன்கள் சூழ்ந்த இளஞாயிற்றையும் இகழும் தோற்றம் உடையது அப்பொற்கலம் என்கிறார். நடுவிலுள்ள பொற்கலம் ஞாயிற்றுக்கும், அதனைச் சூழ வைத்த சிறு கலங்கள் கோள்மீன்களுக்கும் ஒப்பாகும் எனப் பொருள் கொள்வது வழக்கம்.

உவமம் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கன் அடியாகப் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கோட்பாடு. பொற்கலத்தின் வட்டமும் ஒளியும் ஞாயிற்றை நினைவூட்டுதலின் இஃது மெய்யும் உருவும் பற்றிய உவமமாகும். வினை பற்றியதாகக் கொள்வதாயின், சிறு கலங்களும் பொற்கலத்தைச் சுற்றிவர வேண்டும். விருந்தில் வைத்த கலங்கள் அசைவதில்லை. பொருளில் இல்லாத இயக்கத்தை உவமைக்கு ஏற்றுவது உவமவியலுக்கு ஒவ்வாது.

சொல்லாட்சி

'சூழ்ந்த' என்னும் சொல்லும் இதனையே வலியுறுத்துகிறது. கடல் சூழ்ந்த உலகம் என்றால் கடல் உலகைச் சுற்றி ஓடுகிறது என்று யாரும் பொருள் கொள்வதில்லை; மதில் சூழ்ந்த ஊர் என்பதும் அத்தகையதே. வானத்து இயக்கத்தைச் சுட்ட வேண்டிய இடங்களில் புலவர்கள் வேறு சொல்லை ஆள்கின்றனர். பட்டினப்பாலை, நாள்மீன்களோடு கலந்து கோள்மீன்கள் விசும்பில் வலமாகத் திரிதலைக் கூறுகிறது. சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்து, ஞாயிறு மேருவை வலமாகத் திரிவதைச் சோழனின் ஆணைச் சக்கரத்தோடு இணைத்துப் போற்றுகிறது. இவ்விரண்டு இடங்களிலும் 'திரிதல்' என்னும் வினையே பயில்வது நோக்கத்தக்கது. புறநானூற்று முப்பதாம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஞாயிற்றின் செலவையும் அதன் விரைவையும் நேரிற் சென்று கண்டவர் போல அளந்து கூறுவோர் உளர் என்கிறார். வானை அளந்தறியும் முயற்சி அன்று இருந்தமைக்கு இப்பாடல் நல்ல சான்று. ஆயினும் அங்கும் செல்வது ஞாயிறே.

எதிர்வாதமும் எல்லையும்

இப்பாடல்களைக் கொண்டு சங்கத் தமிழர் புவி மையக் கொள்கையினர் என முடிவு கட்டுவதும் அதே பிழையாகும். தொல்காப்பியப் பாயிரம் வடவெல்லையாகக் குறிக்கும் வேங்கடத்தை அடுத்த வடமாலபேட்டை வட்டாரத்தை எடுத்துக்கொள்ளலாம். தமிழும் தெலுங்கும் வழங்கும் அவ்வட்டாரத்தில், திங்களின் ஓட்டத்தையொட்டி உகாதியும், ஞாயிறு மேடத்துள் புகுதலையொட்டிச் சித்திரைப் புத்தாண்டும் அமைகின்றன. புவி ஞாயிற்றைச் சுற்றுவதைப் பள்ளியில் கற்றவரும் 'ஞாயிறு மேடத்துள் புகுந்தது' என்றே கூறுவர். இவ்வழக்கைக் கொண்டு அவர்தம் அறிவை அளத்தல் இயலாது.

பஞ்சாங்கத்திற்கும் இது பொருந்தும். 2023இல் சனிப்பெயர்ச்சியைத் திருக்கணிதம் சனவரி 17 என்றும் வாக்கியம் திசம்பர் 20 என்றும் கணித்தன. ஏறத்தாழப் பதினொரு திங்கள் வேறுபாடு இது. ஆயினும் இரண்டும் புவியிலிருந்து காணும் நிலையையே தருகின்றன. வேறுபாடு மையம் பற்றியதன்று, கணித அளவுகளின் திருத்தம் பற்றியது.

சான்று எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதற்குக் கேரளத்து நீலகண்ட சோமயாஜியைக் காட்டலாம். தந்திரசங்கிரகத்தைக் கி.பி. 1500 அளவில் இயற்றிய அவர், ஐங்கோள்களும் ஞாயிற்றைச் சுற்ற, அஞ்ஞாயிறு புவியைச் சுற்றுவதாக ஓர் அமைப்பை வகுத்தார். அது முழுமையான ஞாயிற்று மையக் கொள்கையன்று. எனினும் அது கணிதமாகக் கூறப்பட்டது, பிறரால் சோதிக்கத்தக்கது.

மாற்றம் நிகழ்ந்த களம்

தமிழ்ச் சூழலில் இக்கொள்கை மாற்றத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேடுதல் வேண்டும். 1823இல் தொடங்கிய யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியில் டேனியல் பூவர் முதலியோர் ஐரோப்பிய வானியலைக் கற்பித்தனர். அந்நிறுவனத்தின் ஹொய்சிங்டன், இந்திய வானியல் முறையை விளக்கும் நூலொன்றை 1848இல் வெளியிட்டார். சமயப் பரப்பல் நோக்கமும் கலந்திருந்த அம்முயற்சியில் இரு கணித மரபுகளும் நேருக்கு நேர் நின்றன.

சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரி 1867இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874 திசம்பர் 9ஆம் நாள் வெள்ளி ஞாயிற்றின் முகத்தைக் கடந்த நிகழ்வை விளக்கி ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சிறுநூல் வெளியிட்டார். பஞ்சாங்கத் திருத்தத்திற்கும் அவரே முயன்றார். மரபுக் கணிதத்தையும் புதிய வானியலையும் ஒருவரே கையாண்ட அரிய நிலை அது. தமிழரின் வானியல் வரலாற்றை எழுதுவோர் முதலில் நாடவேண்டிய களம் இதுவாகும்.

முடிவுரை

சிறுபாணாற்றுப்படை உவமை ஞாயிற்று மையக் கொள்கைக்குச் சான்றாகாது. உவமவியலும் சொல்லாட்சியும் அதனை மறுக்கின்றன. எல்லாம் முன்பே அறியப்பட்டிருந்தன எனக் கொள்ளின், அறியாமையிலிருந்து அறிவிற்கு வந்தவர்களின் உழைப்பிற்கு வரலாற்றில் இடமில்லாது போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் வானியல் உரைநடை இன்னும் போதிய அளவு ஆராயப்பெறாமைக்கு இம்மனப்போக்கும் ஒரு காரணம் எனலாம். அவ்வுரைநடையைத் தொகுத்து ஆராய்தல் தமிழ்த் துறைகளின் கடன். நத்தத்தனாரின் உவமையோ, விருந்தோம்பும் மன்னனின் பொற்கலத்தைக் கதிரவனினும் மேம்பட்டதாகக் காட்டும் கற்பனையாக நின்று சிறக்கிறது. அதன் பெருமைக்கு அறிவியலின் துணை வேண்டுவதில்லை.