திரைக்குப் பின்பக்கம்

சாகசப் படங்களில் மூட்டை சுமக்கிறவனுக்குப் பெரும்பாலும் பெயர் இருப்பதில்லை. இது எனக்கு உறைத்தது கோட்பாட்டு நூல் எதையும் படித்து அல்ல. நியூயார்க்கில் 42ஆம் தெருவில், பொது நூலகத்துக்குப் பின்னாலுள்ள பிரையண்ட் பூங்காவின் புல்தரையில் உட்கார்ந்து ‘ரைடர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்’ பார்த்தபோதுதான்.

1990களில் தொடங்கிப் பல ஆண்டுகள், கோடையில் திங்கட்கிழமைதோறும் அங்கே பழைய படங்களை இலவசமாகக் காட்டினார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் புல்தரையைத் திறந்துவிடுவார்கள். போர்வையும் கையுமாக ஜனங்கள் ஓடுகிற ஓட்டம் இருக்கே, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்த அன்னைக்கு நம்ம தெருவில் பார்க்கிற அதே ஓட்டம்தான். டிக்கெட் கிடையாது. யார் எங்கே உட்காரணும் என்று சொல்ல ஆளில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன். கூட்டிப்போன சித்தப்பா மகன் மட்டும் முன்னாடியே சொல்லிவிட்டான்: “அண்ணே, இது சும்மா ஜாலியான படம். ஆராய்ச்சி பண்ணாம பாருங்க.”

1981இல் ஸ்பீல்பெர்க் எடுத்த படம். கதை 1936இல் தென் அமெரிக்கக் காட்டில் தொடங்குகிறது. சுமைகூலிகள் ஒரு சிலையைப் பார்த்ததும் அலறி ஓடுகிறார்கள். கூட வந்த உள்ளூர்க்காரர்களில் ஒருவன் முதுகுக்குப் பின்னால் துப்பாக்கி எடுக்கிறான், இன்னொருவன் தங்கச் சிலையோடு ஓடப் பார்க்கிறான். அந்தச் சிலை யாருடையதோ அந்தப் பழங்குடிகள் அம்போடு துரத்துகிறார்கள். ஆக மண்ணுக்குரியவன் கோழை, துரோகி, கொலைகாரன். திருட வந்த வாத்தியார் நாயகன். பிறகு எகிப்து. கதாநாயகன் சொன்ன இடத்தைத் தோண்டுகிறவர்கள் அந்திச் சூரியனுக்கு முன்னால் வெறும் நிழல்கள். பார்க்க அழகாக இருக்கிறது. பேழை மேலே வந்ததும் அவர்கள் கதையிலிருந்தே மறைந்துபோகிறார்கள். கூலி கொடுத்தானா, உயிரோடு விட்டானா என்று யாரும் கேட்பதில்லை. கெய்ரோ சந்தையில் வாள் சுழற்றுகிறவனை இந்தியானா ஜோன்ஸ் அலட்சியமாகச் சுட்டுத் தள்ளியதும் புல்தரை முழுக்கச் சிரித்தது.

தோண்டுவதைப் பற்றிய படத்தை அந்தத் தரையில் காட்டினார்கள் என்பதுதான் விசேஷம். 1823இலிருந்து 1840 வரை அந்த இடம் நாதியற்றவர்களின் இடுகாடு. புதைக்கக் காசில்லாத ஏழைகளை அங்கேதான் போட்டார்கள். நகரம் வடக்கே வளர்ந்து நிலத்துக்கு மவுசு வந்ததும் பிணங்களை வார்ட்ஸ் தீவுக்கு மாற்றினார்கள். பக்கத்திலேயே ஐந்தாம் அவென்யூவில், 43ஆம் தெருவுக்கும் 44ஆம் தெருவுக்கும் இடையில், கறுப்பின அநாதைக் குழந்தைகளின் இல்லம் இருந்தது. உள்நாட்டுப் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்து 1863 ஜூலையில் எழுந்த கலவரத்தில், வெள்ளைக் கும்பல் அந்த இல்லத்தைச் சூறையாடிக் கொளுத்தியது. உள்ளே இருந்த 233 குழந்தைகளும் தப்பினார்கள். பூங்காவையும் 1988இல் மூடிப் புதுப்பித்து 1992இல் திறந்தார்கள். போதை வியாபாரிகளை விரட்டினோம் என்கிறது நகரம். இப்போது புல்லுக்கு அடியில் நூலகத்தின் புத்தகக் கிடங்கு. நாதியற்றவன் கிடந்த இடத்தில் வரலாற்று நூல்கள் கிடக்கின்றன!

சரி, சாகசப் படமே வேண்டாம் என்று சொல்கிறேனா? அப்படிச் சொன்னால் என் அப்பனே என்னை மன்னிக்க மாட்டார்.

எங்க ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு ஊர்த்தெருவில் திரை கட்டுவார்கள். மிஷின் இருக்கிற பக்கம் ஊர்க்காரர்கள். சேரி ஜனம் திரைக்குப் பின்பக்கம், முள்வேலி ஓரமாக. எழுத்தெல்லாம் இடம் வலமாகத் தெரியும். எங்க தெருப் பிள்ளைகளுக்கு எம்.ஜி.ஆர். இடதுகைக்காரர்.

அப்படிப் பார்த்ததுதான் பி.ஆர். பந்துலுவின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965). அதன் எலும்புக்கூடு ஹாலிவுட்டின் ‘கேப்டன் பிளட்’ (1935). ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் லட்சக்கணக்கில் அடிமைப்பட்டுச் செத்தவர்கள் ஆப்பிரிக்கர்கள். படமோ அடிமையின் துயரத்தைத் தூக்கி ஒரு வெள்ளைக்கார மருத்துவருக்குக் கொடுத்துவிட்டது. தமிழிலும் அடிமையாக விற்கப்படுகிறவர் வைத்தியர்தான். பிரதியில் நமக்கு இடமில்லை என்பது உண்மை.

ஆனால் பண்ணையாளாக இருந்த என் அப்பா, அடிமைகள் திமிறி எழுகிற கட்டத்தில் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிப்பார். பின்பக்கமே அதிரும். முன்பக்கத்திலிருந்து “எவன்டா அவன்?” என்று அதட்டல் வரும். ஒரே படம், ஒரே துணி. அதட்டினவன் பார்த்தது பொழுதுபோக்கு. அப்பா பார்த்தது வேறு.

பிரையண்ட் பூங்காவில் எல்லோரும் முன்பக்கம்தான் இருந்தார்கள். அதனால்தானோ என்னவோ, அந்த வாள்காரனுக்காக ஒரு விசில்கூட எழவில்லை.

நம் சினிமா விமர்சகர்கள் திரைக்குள் இருப்பதை மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். உங்க ஊரில் திரையை எந்தத் தெருவில் கட்டினார்கள்? நீங்க எந்தப் பக்கம் உட்கார்ந்தீங்க? எந்தக் கட்டத்தில் அதட்டல் வந்தது? எழுதி அனுப்புங்க தோழர்களே.