தேயிலையை முகரும் இயந்திரம்: ஓர் ஆய்வுரை

தன்னியக்கம் என்றவுடன் நம் மாணவருள் பலர் மோட்டார் வண்டிகளைப் பூட்டும் இரும்புக் கைகளையே எண்ணுவர். எம்பிலிப்பிட்டியவிலிருந்து இறக்குவானைப் பக்கம் மலையேறுவோருக்கு அத்துணைத் தொலைவு சிந்திக்கவேண்டுவதில்லை. ஆங்குள்ள தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் வாயிலில் நின்றாலே போதும். பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இயந்திரத்துக்குக் கற்பிக்க முயலும் கடினமான பாடமொன்று மணமாய் வந்து மூக்கில் ஏறும்.

1948 ஆம் ஆண்டில் நோபர்ட் வீனர் தமது நூலுக்குச் 'சைபர்நெற்றிக்ஸ்' எனப் பெயரிட்டபோது, கப்பலோட்டியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே அடியாகக் கொண்டார். மீகாமன் எனும் அழகிய சொல் நம்மிடமும் உண்டு. 2006 அளவில் அமெரிக்க தேசிய விஞ்ஞான மன்றத்தில் 'சைபர்-பௌதிகத் தொகுதி' என்ற பெயர் பிறந்தது. பெயர் புதிதாயினும் தொழில் மீகாமனுடையதே: புறவுலகை உணர்தல், கணித்தல், சுக்கானைத் திருப்புதல், திருப்பியதன் பயனை மீண்டும் உணர்தல். உணர்தல் பிழைத்தால் ஏனைய மூன்றும் பிழைக்கும். இதனை மனத்திற் கொண்டே தேயிலை பற்றிய ஆய்வுகளை மதிப்பிடல் வேண்டும்.

வாட்டி உருட்டிய கொழுந்தைத் தளத்திலோ தட்டங்களிலோ பரப்பி வைக்கும் கட்டத்தை நொதித்தல் என்பர். (உண்மையில் அது நுண்ணுயிர்களின் வேலையன்று. இலையின் சொந்த நொதியத்தால் அதன் பொலிபீனோல்கள் ஒட்சிசனோடு சேர்வதே நிகழ்வது. பழகிய பெயர் மாறவில்லை.) அப்போது பச்சை நிறம் செம்புநிறமாகிறது, புல்வாடை மலர்மணமாகிறது. அந்நிலையைச் சரியாகக் கண்டு தூளை உலர்த்திக்கு அனுப்பல் வேண்டும். முந்தினால் பானம் பச்சையாய்க் கரிக்கும். பிந்தினால் உயிரற்றுப் போகும். தொழிற்சாலைகளிலே டீமேக்கரும் அனுபவமுள்ள தொழிலாளரும் ஒரு பிடி தூளை அள்ளி முகர்ந்தே இதனைத் தீர்மானித்து வந்தனர்.

இம்முகர்தலை இயந்திரத்துக்கு அளிக்க முயன்றோருள் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தாரும், சீ-டாக் எனப்படும் இந்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிலையத்தின் அந்நகரக் கிளையினரும் குறிப்பிடத்தக்கவர். 2007, 2008 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவர்தம் கட்டுரைகள் இலத்திரனியல் மூக்கு ஒன்றை விவரிக்கின்றன. சூடாக்கிய உலோக ஒட்சைட்டு உணரிகள் சில வரிசையாக அமைந்திருக்கும். ஆவி படும்போது அவற்றின் மின்தடை மாறும். அம்மாற்றங்களின் கோலத்தைக் கணினி படிக்கும். நொதித்தலின்போது மணம் இருமுறை உச்சமடைவதைத் தொழிலறிந்தோர் 'முதல் மூக்கு', 'இரண்டாம் மூக்கு' எனச் சுட்டுவர். அவ்வுச்சங்களை உணரிகளும் காட்டின என்பதே இவ்வாய்வின் பேறு. அன்றியும், கருவியின் கூற்றை நிற அளவையோடும் மனிதர் மதிப்பீட்டோடும் ஒப்பிட்டனர். நிறம் என்பது மூக்கைச் சாராத தனிச் சாட்சி. இந்நேர்மை பாராட்டத்தக்கது.

ஆயின், அதே குழுவினர் உலர்ந்த தேயிலையைத் தரம்பிரிக்க மேற்கொண்ட ஆய்வை அவ்வளவு மகிழ்ச்சியுடன் ஏற்க இயலவில்லை. அங்கே சுவைப்போர் இடும் புள்ளிகளையே உண்மையாகக் கொண்டு கருவி பயிற்றப்படுகிறது. இது மாணவனின் விடைத்தாளை ஆசிரியரின் விடைத்தாளோடு மட்டும் ஒத்துப்பார்ப்பது போன்றது. இருவரும் ஒத்தால் கருவி வென்றது என்கிறோம்; முரண்பட்டால் கருவி பிழைத்தது என்கிறோம். சுவைத்தவர் பிழைத்திருக்கலாம் என்பதற்கு இடமேது? அவ்வாறு வெல்லும் கருவி தேயிலையை அறிந்ததாகாது, சுவைத்தவரைப் படியெடுத்ததேயாகும். படியெடுப்பும் பயனுள்ளதே, மறுக்கவில்லை. ஆனால் அதனைப் புறநிலை அளவை என அழைப்பது பொருந்தாது.

இனி, நம்மூர்க்கு வருவோம். அஸ்ஸாமிலும் மேற்கு வங்கச் சமவெளியிலும் பெரும்பாலும் இலையை நொறுக்கி மணிகளாக்கும் சீ.டீ.சீ. முறையே வழங்குகிறது, இலங்கையில் உருட்டும் பழைய முறையே பெருவழக்கு. நாட்டின் தேயிலையிற் பாதிக்கு மேற்பட்டதை ஈனும் தாழ்நிலப் பகுதிகளுள் சப்ரகமுவவும் ஒன்று. இங்குள்ள தேயிலைக்கு மணத்தினும் மிகுதியாக, கறுத்து முறுகிய இலையின் தோற்றமும் பானத்தின் நிறமுமே விலை பெற்றுத் தருகின்றன. மூக்கு மட்டும் உடைய இயந்திரம் இங்கே பாதிக் குருடு. ஈரம் மிகுந்த நொதிப்பறையில் இவ்வுணரிகள் நீராவிக்கும் இசைந்து தடுமாறும். காலப்போக்கில் அளவும் நழுவும். ஓரிடத்திற் பயிற்றிய கருவியைப் பெட்டியிலிட்டு இன்னோரிடத்துக்குக் கொண்டுவந்து வைத்தல் ஆராய்ச்சியாகாது.

இத்தகைய கட்டுரைகளில் மற்றொரு குறையும் உண்டு. உணரிக்கு வகைப்பெயரும் எண்ணும் தருவர். முகர்ந்த மனிதரோ 'நிபுணர்' என்ற ஒரு சொல்லுள் அடங்கிவிடுவார். மலையகத்தில் அந்நிபுணர் பலவேளைகளில் நம் மாணவர் ஒருவரின் தந்தையாகவோ மாமனாகவோ இருப்பார். அவர் மழைநாளில் ஏன் முந்தினார், வெயில்நாளில் ஏன் பொறுத்தார் என்பதைக் கேட்டுக் குறித்தவர் எவரேனும் உளரா? அவருடைய அறிவால் பயின்ற கருவி வந்தபின் அவர்தம் சம்பளம் என்னாகும் என்பதும் ஆராய்ச்சிக்குப் புறம்பான வினா அன்று. புறவுலகை மாற்றும் தொகுதியை ஆக்குவோர் அம்மாற்றத்தையும் அளத்தல் வேண்டும். மீகாமன் தொழிலின் நான்காம் படி அதுவே.

பெலிகுல்ஓயாவில் 1996 முதல் சப்ரகமுவ பல்கலைக்கழகம் இயங்குகிறது. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் தாழ்நிலக் கிளை இரத்தினபுரியில் உண்டு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொழிற்சாலை ஒன்றில் உணரி வரிசையை வைக்க விரும்பும் மாணவர், தம் அட்டவணையில் நிறம், வெப்பம், ஈரப்பதன் ஆகியவற்றுக்கு வரைகின்ற நிரல்களோடு, முகர்ந்தவர் சொன்ன காரணத்தை அவர் சொன்ன தமிழிலேயே எழுதுவதற்கும் ஒரு நிரலை வரைவாராக.