அளவுகோலும் அளப்பவரும்

ஆல்பிரட் பினே 1909இல் வெளியிட்ட 'குழந்தைகளைப் பற்றிய நவீனக் கருத்துகள்' என்னும் பிரெஞ்சு நூலை அண்மையில் மீண்டும் படித்தோம். பிரெஞ்சு மொழி இன்னும் முற்றும் மறையாத இப்புதுச்சேரி நகரில் அது வியப்பன்று. வியப்புக்குரியது வேறு. அறிவுத்திறன் சோதனையின் தந்தை என்று பினேயை மாணவருக்கு அறிமுகம் செய்துகொண்டே, அச்சோதனையைப் பற்றி அவர் விடுத்த எச்சரிக்கையைப் பல்லாண்டுகள் நாம் குறிப்பிடாமலே விட்டிருக்கிறோம்.

1904இல் பிரெஞ்சு அரசு அமைத்த குழு ஒன்றில் பினே உறுப்பினர். வகுப்பறையில் பின்தங்கி, தனிக் கற்பித்தல் தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிவதே நோக்கம். அதற்கென அவரும் தியோடர் சிமோனும் 1905இல் முப்பது சோதனைகள் கொண்ட அளவுகோலை வகுத்தனர். ஒதுக்குவதற்கன்று, உதவுவதற்கே அது பிறந்தது. அறிவு மாறாத அளவுடையது என்னும் கருத்தை 1909ஆம் ஆண்டு நூல் வன்மையாக மறுக்கிறது. பயிற்சியால் அது வளரும் என்கிறது. நூலின் உயிர்நாடி இப்பகுதியே. ஆயினும் ஒரு குறை நமக்குப் படுகிறது. திறனை வயதுப்படிகளாக அடுக்கிக் கொடுத்தவர், பிறர் அதை ஒற்றை எண்ணாகச் சுருக்கிவிடுவர் என்பதைப் போதிய அளவு அஞ்சவில்லை. அவர் 1911இல் மறைந்தார். அடுத்த ஆண்டே ஸ்டெர்ன் ஈவு காணும் முறையைக் கூறினார். அமெரிக்காவில் காடர்ட், எல்லிஸ் தீவில் வந்திறங்கிய குடியேறிகளை மொழிபெயர்ப்பாளர் வாயிலாகச் சோதித்து, பெரும்பாலோரை மந்தபுத்தியர் என முடிவுகட்டினார்.

நம் நாட்டில் வி. வி. காமத் 1934இல் மராத்தி, கன்னடம் பேசும் பிள்ளைகளுக்கென இச்சோதனையைத் திருத்தியமைத்தார். அது நேர்மையான உழைப்பு. ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு அதனைக் கொடுப்பவர், எந்தப் பிள்ளைகளை வைத்து எந்தக் காலத்தில் அந்த அளவு நிறுவப்பட்டது என்பதை அறிந்தன்றோ கொடுக்கவேண்டும்?

இங்கு நம் குற்றத்தையும் அறிக்கையிட வேண்டியவர்களாயிருக்கிறோம். பல ஆண்டுகளுக்குமுன் திருப்பணிக்கு ஆட்களைத் தெரிந்தெடுக்கும் குழு ஒன்றில் அமர்ந்திருந்தோம். அமெரிக்க ஆளுமை வினாத்தாள் ஒன்றை எங்களுள் ஒருவரே தமிழாக்கினார். பிறர் கேளாத குரல் உமக்குக் கேட்பதுண்டா என்னும் பொருளில் ஒரு வினா. மீனவக் குப்பத்திலிருந்து வந்த இளைஞர் 'ஆம்' என்று எழுதினார். ஆண்டவர் தம்மை அழைத்ததையே அவர் கருதினார். சாமுவேலின் கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்த எவரும் அப்படியே எழுதியிருக்கக்கூடும். விடைத்தாளோ அதை நோய்க்குறியாகக் கணக்கிட்டது. அவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவும் நமக்குத் தோன்றவில்லை. திருப்பி அனுப்பிய கடிதத்தில் நம் கையொப்பமும் உண்டு.

இவ்வகை வினாத்தாள்களுள் புகழ்பெற்றது 1943இல் வெளிவந்த மினசோட்டா ஆளுமை வினாநிரல். அதன் இயல்பு அளவு, அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனைக்கு நோயாளிகளைக் காணவந்த உறவினரையும் நண்பரையும் பெரும்பாலும் கொண்டு நிறுவப்பட்டது. மினசோட்டா நாட்டுப்புறத்தாரை அளந்த கோலால் நம் கடற்கரை இளைஞரை அளப்பதற்குமுன், கோலைச் செப்பனிடத் தெரிந்தவர் வேண்டும். ஆறு வார ஆலோசனைப் பயிற்சிச் சான்றிதழ் அத்தேர்ச்சியைத் தராது. இறையியல் பட்டமும் தராது.

சட்டமும் இதைக் கண்டுகொண்டுள்ளது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம், பதிவுபெறாதவர் மறுவாழ்வுத் தொழிலராகச் செயல்படுவதை ஓராண்டு வரை சிறைக்கோ ஆயிரம் ரூபாய் வரை அபராதத்துக்கோ உரிய குற்றமாக்கியது. மருத்துவ உளவியலாளரும் அப்பதிவுக்குரியோரே. அபராதத் தொகை சிறிது என்பது வேறு. 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், உண்மையறியும் மருந்து ஊசி போன்ற சோதனைகளை எவர்மீதும் அவரது இசைவின்றி நடத்தலாகாது எனத் தீர்த்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே அவ்வுரிமை உண்டெனில், இறைப்பணிக்கு விண்ணப்பித்தவர் தம் விடைத்தாளை யார் படிப்பர், எங்கே வைப்பர் என்று கேட்கலாகாதா? நம் குழு அந்த இளைஞருக்கு இவற்றுள் எதையும் சொல்லவில்லை.

இப்போது நாம் அமரும் குழுக்களில் வினாத்தாள் கொடுக்கப்படுமாயின், கொடுப்பவரின் பதிவு எண்ணை முதலில் கேட்கிறோம். நோய் பற்றிய ஐயம் உண்மையாகவே எழுந்தால், ஜிப்மரின் மனநலப் பிரிவு பேருந்து தூரத்திலேயே இருக்கிறது. சில உடன் ஊழியர்களுக்கு இது வீண் கெடுபிடியாகத் தோன்றுகிறது. அந்தப் பழைய விடைத்தாள் இன்னும் ஏதோ ஒரு கோப்பில் இருக்கக்கூடும்.