ஊதிய ஆலோசகர்கள் பற்றிய வாக்ஸ்மன் அறிக்கை – விமர்சனம்

அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் மேற்பார்வை மற்றும் அரசுச் சீர்திருத்தக் குழு, ஊதிய ஆலோசகர்களின் நலன் முரண் பற்றிய ஆய்வறிக்கை ஒன்றை 2007 டிசம்பரில் வெளியிட்டது. குழுவின் தலைவர் ஹென்றி வாக்ஸ்மன் பெயரால் இது வாக்ஸ்மன் அறிக்கை எனப்படுகிறது. பெரிய நிறுவனங்கள் ஊதிய ஆலோசனையை எவ்வாறு விலைக்கு வாங்குகின்றன என்பதைக் கட்டண விவரங்களுடன் காட்டியது இதன் சிறப்பு. ஆலோசகர் யாரிடம் பணம் பெறுகிறார் என்ற கேள்வியை அறிக்கை சரியாக எழுப்பியது. அவர் எந்த அளவுகோலால் அளக்கிறார் என்ற கேள்வி பின்னுக்குப் போனது. பின்னர் வந்த விதிகளிலும் இந்தக் குறை தொடர்ந்தது.

பின்னணி

எந்தப் பணிக்கு எவ்வளவு சம்பளம், ஊக்கத்தொகை, நிறுவனப் பங்கு, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் தரலாம் என்று கட்டணம் பெற்றுக்கொண்டு நிறுவனங்களுக்குச் சொல்வது ஊதிய ஆலோசகரின் தொழில். எட்வர்ட் ஹே 1943 இல் பிலடெல்பியாவில் தொடங்கிய நிறுவனம் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. ஒரு பணிக்கு வேண்டிய அறிவு, சிக்கலைத் தீர்க்கும் திறன், பொறுப்பு ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டுப் பணிகளை வரிசைப்படுத்தும் முறை அங்கு உருவானது. 1950களில் மெக்கின்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்ச் பேட்டன் உயர் நிர்வாகிகளின் ஊதியத்தை நிறுவனங்களுக்கிடையே ஒப்பிட்டு எழுதினார்.

முதல் முறை ஒரே நிறுவனத்துக்குள் உள்ள பணிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டது. இரண்டாவது முறை அடுத்த நிறுவனம் என்ன தருகிறது என்று பார்த்தது. தலைமைச் செயல் அலுவலரின் ஊதியத்தைப் பொறுத்தவரை இரண்டாவது முறையே நிலைபெற்றது.

அறிக்கை கூறுவது

ஃபார்ச்சூன் இதழின் பட்டியலில் முதல் 250 இடங்களில் உள்ள நிறுவனங்களை அறிக்கை எடுத்துக்கொண்டது. 2006 ஆம் ஆண்டுக்கான விவரங்கள் முன்னணி ஆலோசனை நிறுவனங்களிடமிருந்து பெறப்பட்டன. அந்த 250 இல் குறைந்தது 113 நிறுவனங்களில், தலைமை நிர்வாகியின் ஊதியத்துக்கு ஆலோசனை சொன்னவரே அதே நிறுவனத்துக்கு வேறு சேவைகளையும் விற்றுவந்தார். நலத்திட்டங்களை நிர்வகித்தல், ஓய்வூதியக் கணக்கு போன்றவை அந்தச் சேவைகள்.

இவ்வாறு இரு வேலைகளையும் செய்தவர்கள் ஊதிய ஆலோசனைக்காகச் சராசரியாக 2,20,000 டாலருக்கும் குறைவாகவே பெற்றனர். மற்றச் சேவைகளுக்காக அவர்கள் பெற்றது 23 லட்சம் டாலருக்கு மேல்; ஏறத்தாழ 11 மடங்கு. அந்தப் பெரிய ஒப்பந்தங்களை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வதில் செல்வாக்கு உள்ளவர் தலைமை நிர்வாகி. அவருடைய ஊதியத்தைப் பற்றித்தான் ஆலோசகர் கருத்துச் சொல்ல வேண்டும். இந்த உறவை மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட நிறுவனங்கள் பங்குதாரர்களுக்குத் தெரிவிக்கவும் இல்லை.

மதிப்பீடு

அறிக்கையின் வலிமை இந்தக் கட்டணக் கணக்கில் உள்ளது. பொதுவாகச் சந்தேகமாகப் பேசப்பட்டுவந்த ஒன்றை அது எண்ணாக்கிக் காட்டியது.

அதன் பலவீனம் அடுத்த படியில் உள்ளது. நலன் முரண் மிகுந்த ஆலோசகர்களை வைத்திருந்த நிறுவனங்களில் தலைமை நிர்வாகியின் ஊதிய இடைநிலை, அத்தகைய ஆலோசகர் இல்லாத நிறுவனங்களைவிட 67 விழுக்காடு அதிகம் என்று அறிக்கை கூறுகிறது. இரண்டும் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. பல சேவைகளை வாங்கும் நிறுவனம் பெரும்பாலும் பெரிய நிறுவனமாக இருக்கும்; பெரிய நிறுவனம் அதிக ஊதியம் தருவது வழக்கம்.

2010 இல் வெளியான இரு ஆய்வுகள் இதில் மாறுபட்டன. காட்மன், கார்ட்டர், ஹில்லெகைஸ்ட் ஆகியோர் நலன் முரண் ஊதியத்தை உயர்த்தியதற்குப் பரவலான சான்று இல்லை என்றனர். மர்ஃபி, சான்டினோ ஆகியோர் தொடர்பு உண்டு என்றனர். ஆனால் நிர்வாகத்துக்காக அல்லாமல் இயக்குநர் குழுவுக்காகவே ஆலோசகர் பணிபுரிந்த அமெரிக்க நிறுவனங்களிலும் ஊதியம் அதிகமாகவே இருந்ததை அவர்கள் கண்டனர். ஆலோசகரை நிர்வாகத்திடமிருந்து பிரித்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கையை இந்த முடிவு அசைக்கிறது.

அளவுகோலின் சிக்கல்

ஆலோசகர் பத்துப் பதினைந்து நிறுவனங்களைக் கொண்ட ஓர் ஒப்பீட்டுப் பட்டியல் தயாரிக்கிறார். அதில் எந்த இடத்தைக் குறிவைப்பது என்பதை இயக்குநர் குழு தீர்மானிக்கிறது. கடைசி இடத்தில் நிற்க எந்தக் குழுவும் விரும்புவதில்லை.

ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். ஐந்து நிறுவனங்கள் 40, 50, 60, 70, 80 என ஊதியம் தருவதாகக் கொள்வோம். இடைநிலையும் சராசரியும் 60. கீழே உள்ள இருவர் இடைநிலைக்கு உயர்த்தினால் வரிசை 60, 60, 60, 70, 80 ஆகும். சராசரி 66 ஆகிறது. அனைவரும் குறைந்தது 70 என்ற இடத்தைக் குறிவைத்தால் சராசரி 72, இடைநிலையே 70 ஆகிவிடும். எவருடைய வேலையும் மாறவில்லை. இந்தக் கணக்கில் யாரும் பொய் சொல்லவும் இல்லை.

பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்பதிலும் சாய்வு நுழையும். ஒப்பீட்டு நிறுவனங்களின் பெயர்களை வெளியிட 2006 டிசம்பர் முதல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் கட்டாயப்படுத்தியது. அந்தப் பெயர்களை ஆராய்ந்த ஃபால்கெண்டர், யாங் ஆகியோர், அதிக ஊதியம் தரும் நிறுவனங்களையே ஒப்பீட்டுக்குத் தேர்ந்தெடுக்கும் போக்கு இருப்பதாக 2010 இல் எழுதினர். நேர்மையான ஆலோசகர் கையிலும் சாய்ந்த அளவுகோல் சாய்ந்த விடையையே தரும்.

சட்டத்தின் விடை

2009 டிசம்பரில் வந்த விதி, ஊதிய ஆலோசகரின் பிற சேவைகளுக்கான கட்டணம் ஆண்டுக்கு 1,20,000 டாலரைத் தாண்டினால் கட்டணங்களை வெளியிடச் சொன்னது. 2010 இன் டாட்-ஃபிராங்க் சட்டம், ஆலோசகரை அமர்த்தும்முன் அவருடைய சார்பின்மையை ஊதியக் குழு ஆராய வேண்டும் என்றது. ஆராய்ந்தால் போதும், சார்பற்றவரைத்தான் அமர்த்த வேண்டும் என்று அது கூறவில்லை. பெரிய ஆலோசனை நிறுவனங்களிலிருந்து பிரிந்து பே கவர்னன்ஸ், மெரிடியன் போன்ற தனி நிறுவனங்கள் 2010 இல் தோன்றின. அறிக்கை கேட்டது பெரும்பாலும் நடந்தது. ஒப்பீட்டுப் பட்டியல் முறை அப்படியே நீடித்தது.

சிறு நிறுவனங்களுக்கு வேறொரு வழியில் இதே சிக்கல் வருகிறது. ஊழியர்களுக்கான மருத்துவக் காப்பீட்டைத் தேர்ந்தெடுக்க உதவும் ஆலோசகர் முதலாளியிடம் கட்டணமே கேட்காமல், காப்பீட்டு நிறுவனத்திடம் தரகு பெறலாம். இலவசமாகத் தோன்றும் அந்த ஆலோசனையின் விலை ஊழியர்களின் பிரீமியத்தில் சேர்ந்துவிடுகிறது. 2021 டிசம்பர் 27 முதல், 1,000 டாலரும் அதற்கு மேலும் பெற எதிர்பார்க்கும் குழு மருத்துவத் திட்ட ஆலோசகர்கள், தரகர்கள் தம் நேரடி, மறைமுக வருவாயை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம்.

முடிவு

ஆலோசனையை வாங்கும் நிறுவனம் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதியை வாக்ஸ்மன் அறிக்கை கற்றுக்கொடுத்தது: ஆலோசகருக்குப் பணம் எங்கெங்கிருந்து வருகிறது, அவரை அமர்த்துவதும் நீக்குவதும் யார் என்பவை அவை. ஒப்பீட்டுப் பட்டியலை யார் தயாரித்தார், ஒவ்வொரு பெயரும் ஏன் அதில் உள்ளது, விட்டுப்போனவர்கள் யார் என்பவை மீதிப் பாதி. கீழ்நிலை ஊழியரின் சம்பளத்துக்கும் இதே அக்கறையோடு ஒப்பீடு நடந்ததா என்ற கேள்வியையும் அவற்றோடு சேர்க்க வேண்டும். அறிக்கையின் பார்வை அதுவரை செல்லவில்லை.