தன்வினையும் பிறவினையும்: மொய்னிஹான் அறிக்கை பற்றி ஒரு வாசிப்பு

“குடும்பம் சரியில்ல, அதான் புள்ள படிக்குதில்ல.” ஆசிரியர் அறைகளில் இந்த வசனம் காதில் விழாத கிழமை இல்லை. வாப்பா விட்டுட்டுப் போயிட்டார், உம்மா சவூதியில, புள்ள உம்மும்மாவோட. காரணம் கண்டுபிடித்தாயிற்று, தேநீரும் முடிந்தாயிற்று. ஆனால் இது வெறும் ஓய்வுநேரக் கதையல்ல. இதற்குப் பின்னால் அட்டவணைகளும் வரைபுகளும் கொண்ட பெரியதொரு சமூகவியல் மரபே இருக்கிறது. அந்த மரபில் அதிகம் பேசப்பட்ட ஆவணத்தை, அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றிய மொய்னிஹான் அறிக்கையை, தமிழ் இலக்கணம் கற்பிக்கிற ஓர் ஆளாக இங்கே வாசிக்க விரும்புகிறேன்.

டானியல் பற்றிக் மொய்னிஹான் அப்போது அமெரிக்கத் தொழில் திணைக்களத்தில் உதவிச் செயலாளர். 1965 மார்ச்சில், கறுப்பினக் குடும்பத்தைப் பற்றி 78 பக்க அறிக்கையொன்றை அரசாங்கத்தின் உள்பாவனைக்காகத் தயாரித்தார். அந்த வருடம் ஓகஸ்டில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் வொட்ஸ் பகுதியில் கலவரம் வெடித்தபோது அறிக்கை ஊரறிந்த விஷயமாயிற்று. கறுப்பினக் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று திருமணத்துக்கு வெளியே பிறக்கிறது. குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பெண்ணே தலைமை தாங்குகிறாள். படிப்பில் பின்தங்குவது, பாடசாலையை விட்டு விலகுவது, குற்றச் செயல் எல்லாம் இந்தக் குடும்ப அமைப்போடு முடிச்சுப் போடப்பட்டன.

மொய்னிஹானை வெறும் இனத்துவேஷி என்று ஒதுக்குவது சுகமான வேலை, ஆனால் நியாயமான வேலையல்ல. அவருடைய தகப்பனே அவர் சிறுவனாக இருக்கையில் வீட்டை விட்டுப் போனவர். அடிமை முறையும் வேலையின்மையும் அந்த மக்களுக்குச் செய்த கொடுமையை அறிக்கை மறைக்கவில்லை. அந்தப் பக்கங்களில் வினைகளெல்லாம் பிறவினைகள்: ஒருவர் சிதைத்தார், இன்னொருவர் சிதைக்கப்பட்டார். நான்காம் அத்தியாயத்துக்கு வந்ததும் வினை மாறுகிறது. ‘நோய்மையின் சிக்கல்’ என்பது அந்த அத்தியாயத்தின் தலைப்பு. கென்னத் கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளரிடமிருந்து எடுத்துக்கொண்ட சொற்றொடர். இனி வெள்ளையரின் கை படாமலே இந்தச் சிக்கல் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் என்கிறார் மொய்னிஹான். சிதைத்தது போய், சிதைந்தது வந்துவிட்டது. ஓர் எழுத்து மெலிந்ததில் குற்றவாளி வாக்கியத்தை விட்டே வெளியேறிவிட்டான்.

இது சொல் விளையாட்டு அல்ல. அறிக்கை எழுதப்படும் நேரத்தில் அலபாமா மாநிலத்தில் ஒரு விதி நடைமுறையில் இருந்தது. தந்தையற்ற பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவிப் பணத்தைப் பெறுகிற தாய், உடல்வலுவுள்ள ஓர் ஆணோடு உறவு வைத்திருப்பதாகத் தெரிந்தால், அவனை ‘பதில் தகப்பன்’ என்று கணக்கெடுத்துப் பணத்தை நிறுத்திவிடுவார்கள். அவன் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சதமேனும் கொடுக்கிறானா என்று யாரும் கேட்பதில்லை. 1964 ஜூனிலிருந்து 1967 ஜனவரி வரை அம்மாநிலத்தில் உதவி பெற்ற பிள்ளைகளின் தொகை ஏறத்தாழ 16,000 ஆல் குறைந்தது. 1968 இல் உயர் நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாதென்றது. வேறு பல மாநிலங்களிலும், வேலையில்லாத தகப்பன் வீட்டில் இருந்தாலே அந்த உதவி கிடைக்காது. ஆண் வீட்டில் இருந்தால் பிள்ளைக்குச் சோறில்லை என்பது சட்டம். வீட்டில் ஆணில்லை என்பது ஆய்வு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால்தான் ‘பிரிந்த குடும்பம்’ என்ற சொல்லுக்கு எழுவாய் கிடைக்கும்.

எங்கட வாசகர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு வாழ்க்கை இதற்குச் சாட்சி. அறிக்கை வருவதற்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம் முன்பு, 1965 பெப்ரவரி 21 இல், மல்கம் எக்ஸ் கொல்லப்பட்டார். அவரது சுயசரிதை அவ்வருடக் கடைசியில் வெளிவந்தது. மொய்னிஹானின் அட்டவணையில் வைத்தால் மல்கம் அச்சொட்டான உதாரணம்: ஆறு வயதில் தகப்பனை இழந்தவர், தாய் மனநோய் மருத்துவமனையில், பிள்ளைகள் திக்குக்கொன்றாக, வாலிபத்தில் சிறை. ஆனால் மல்கம் சொல்கிற கதையில் வினைகள் வேறு. தகப்பனின் காப்புறுதிப் பணத்தைக் கம்பனி தர மறுத்தது. நலன்புரி அதிகாரிகள் வீட்டுக்கு வந்து வந்து, பிள்ளைகளைத் தாயிடமிருந்து மனதால் முதலில் பிரித்தார்கள். பிறகு கையால் பிரித்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பிள்ளை வகுப்பில் முன்னணியில் நின்றது, வகுப்புத் தலைவராகவும் தெரிவானது. சட்டத்தரணியாக வேண்டும் என்று ஆங்கில ஆசிரியரிடம் சொன்னபோதுதான், அது ஒரு நீக்ரோவுக்குப் பொருந்தாத ஆசை, தச்சு வேலை பார் என்று பதில் கிடைத்தது. மல்கத்தின் படிப்பு மீதான பற்று விட்டுப்போனது அங்கேதான். தகப்பனில்லாத வீடு அவரை வகுப்பின் முதல் வரிசை வரை அனுப்பிவைத்தது. திருப்பியனுப்பியவர் ஓர் ஆசிரியர். யத்தீமாகப் பிறந்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்து, தகப்பனில்லாத வீடென்றாலே குறைவீடு என்று எழுதுகிற ஆய்வைச் சும்மா தலையாட்டி வாசித்துவிட முடியாது.

இன்னொரு இடமும் என்னை உறுத்துகிறது. கறுப்பினப் பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளைவிடக் கூடுதலாகப் படிக்கிறார்கள் என்று அறிக்கை காட்டுகிறது. நல்ல செய்தி என்று நாம் நினைப்போம். அறிக்கைக்கு அது நோயின் அறிகுறி. பெண் முன்னேறியதால் ஆண் நசுங்கினான் என்ற தொனி. (எங்கட உயர்தரக் கலைப்பிரிவு வகுப்புகளில் நிறைந்திருக்கும் பெண்பிள்ளைகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களை எனக்குத் தெரியும்.) ஹோர்ட்டென்ஸ் ஸ்பில்லர்ஸ் 1987 இல் எழுதிய கட்டுரை இதைத்தான் பிடித்துக்கொண்டது. கறுப்பினப் பெண்ணுக்கு இச்சமூகம் இடும் பெயர்களையே ஓர் அமெரிக்க இலக்கண நூலாக அவர் வாசிக்கிறார். இலக்கிய விமர்சகர் ஒருவர் சமூகவியலுக்குச் செய்த பேருதவி அது.

ரொடரிக் ஃபெர்குசன் 2004 இல் எழுதிய நூல் இன்னும் ஒருபடி போகிறது. அமெரிக்கச் சமூகவியல் கறுப்பின மக்களின் பாலியல் வாழ்வை ‘முறை தவறியது’ என்று முத்திரை குத்தி, அந்த முத்திரையின் வழியாகவே அவர்களது வறுமையையும் சமத்துவமின்மையையும் விளக்கியது என்பது அவர் வாதம். பாலியல் பற்றிய அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும், நிக்காஹ்வைக் குடும்பத்தின் அடித்தளமாகக் கொள்கிற நாம் ஏற்கப்போவதில்லை, நானும் ஏற்கவில்லை. ஆனாலும் நூலை மூடிவைக்க இது காரணமாகாது. அடிமைகளின் திருமணத்தை அமெரிக்கச் சட்டம் திருமணமாக ஒப்புக்கொண்டதே இல்லை. எசமான் நினைத்தால் கணவனை ஒரு சந்தையிலும் மனைவியை இன்னொரு சந்தையிலும் விற்கலாம். திருமணத்தை மதிக்கிற ஒருவருக்குத்தான் இந்த அநியாயம் கூடுதலாகச் சுட வேண்டும். மணம் மறுக்கப்பட்டவரின் வாரிசிடம் ‘உன்ர பண்பாட்டில் மணம் இல்லை’ என்று கணக்குக் காட்டுவது மார்க்கப்பற்று ஆகாது.

பாடசாலைக்கு வருவோம். 1966 இல் கோல்மன் அறிக்கை வந்தது. ஆறு இலட்சம் அளவிலான மாணவரிடம் நடத்திய ஆய்வு; பாடசாலை வளங்களைவிடக் குடும்பப் பின்னணியே பெறுபேற்று வேறுபாட்டோடு நெருங்கிய தொடர்புடையது என்றது. அதைப் படித்தவர்கள் பாடசாலைக்கு வெளியே நின்று வீட்டை எட்டிப் பார்ப்பதற்கு அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொண்டார்கள். உள்ளே போனவர் ஆன் ஆர்னெட் ஃபெர்குசன். கலிஃபோர்னியாவின் ஆரம்பப் பாடசாலையொன்றில் பதினொன்று, பன்னிரண்டு வயதுக் கறுப்பினச் சிறுவர்களோடு இருந்து அவர் எழுதிய நூல் 2000 இல் வந்தது. ஒரே குறும்பை வெள்ளைச் சிறுவன் செய்தால் ‘பையன்தானே’. கறுப்புச் சிறுவன் செய்தால் நாளைய குற்றவாளியின் ஒத்திகை. வகுப்பை விட்டுத் தண்டனை அறைக்கு அனுப்பிய மணித்தியாலங்களைக் கூட்டிப் பார்த்தால் பின்தங்கலுக்குப் பெரிய மர்மம் எதுவும் மிஞ்சவில்லை. ஆசிரியர்கள் நடுங்காமல் வாசிக்க முடியாத புத்தகம் அது.

2018 இல் ராஜ் செட்டியும் மூவரும் வெளியிட்ட ஆய்வு பழைய விவாதத்தை வேறு திசையில் திருப்பியது. அது வருமானம் பற்றியது, பரீட்சைப் புள்ளி பற்றியது அல்ல. ஒரே அளவு வருமானமுள்ள, தாய் தந்தை இருவரும் இருக்கிற வீடுகளில் வளர்ந்தாலும், கறுப்பின ஆண்பிள்ளைகள் வளர்ந்தபின் வெள்ளையரைவிடக் குறைவாகவே உழைக்கிறார்கள். பெண்பிள்ளைகளிடம் அந்த இடைவெளி மிகச் சிறிது. பெண்தலைமை வீடே சீரழிவின் ஊற்று என்ற கதைக்கு இதில் பிடிமானம் கிடைக்காது. தகப்பன் தேவையில்லை என்றும் ஆய்வு சொல்லவில்லை: கறுப்பினத் தகப்பன்மார் அதிகம் இருக்கிற, வறுமை குறைந்த பகுதிகளில் ஆண்பிள்ளைகள் மேலே வருகிறார்கள், தங்கள் சொந்த வீட்டில் தகப்பன் இல்லாதவர்களும்கூட. அந்தத் தகப்பன்மார் சிறையிலோ தூர ஊரிலோ அல்லாமல் அந்தத் தெருவிலேயே இருப்பதற்கு வேலை, பொலிஸ், நீதிமன்றம் எல்லாம் இடம்கொடுத்திருக்க வேண்டும். அந்த வினைகளுக்குரிய எழுவாய்களை செட்டியின் வரைபடங்கள் சொல்வதில்லை. அதற்கு அலபாமா வழக்கையும் மல்கத்தையும் கூட வைத்துத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.