எறும்புக் குடியேற்றம்

மழை ஓய்ந்த ஒரு காலையில், முற்றத்துத் துளசித் தொட்டியை இடம் மாற்றுவதற்காகத் தூக்கியபோது, அதனடியில் குடியிருந்த கட்டெறும்புகள் கூட்டுப்புழு அடங்கிய வெளிறிய பொதிகளைக் கவ்விக்கொண்டு நாற்புறமும் ஓடின. அவற்றின் நடுவே, பருத்த உடலும் சிறகுதிர்ந்த முதுகுமாக ராணி எறும்பும் தென்பட்டதால்தான் அவற்றை வளர்க்கும் ஆசை எனக்கு உண்டாயிற்று. ராணியில்லாமல் அள்ளிவந்த கூட்டம் சில மாதங்கள் உயிரோடிருந்தாலும், வம்சம் விருத்தியாகாமல் ஒவ்வொன்றாக மடிந்து முடிவது நிச்சயம்.

இக்கலையின் ஸூக்ஷ்மம் எறும்பைப் பிடிப்பதில் இல்லை, அழைப்பதில் இருக்கிறது. எறும்பின் உயரத்தைவிடச் சற்றே அதிகமான இடைவெளி விட்டு இரண்டு கண்ணாடித் தகடுகளைப் பொருத்தி, இடையில் ஈரமான நுண்மண்ணை நிரப்பி, மேலே கறுப்புத் துணி போர்த்தி, எறும்புகளோடு அள்ளிவந்த மண்ணைப் பக்கத்தில் ஒரு தாம்பாளத்தில் பரப்பி வைத்தேன். வெளிச்சத்தில் அந்த மண் உலர உலர, முதலில் இரண்டொரு எறும்புகள் புது மனையைச் சோதித்துத் திரும்பின. பிறகு பொதி சுமந்தவை சாரிசாரியாகப் புகுந்தன. பொழுது சாய்வதற்குள் ராணியும் உள்ளே போய்விட்டது.

சமையலறை அலமாரியில் எறும்பு ஏறாதிருக்க அதன் கால்களுக்கு நீர்க்கிண்ணம் வைப்பது நம் வீட்டு வழக்கம்; எறும்பு வெளியேறாதிருப்பதற்கும் அந்த நீரே காவலாயிற்று. இங்கிலாந்தில் ஸர் ஜான் லப்பக் இவ்விதக் கண்ணாடிக் கூடுகளையும் நீர் அகழியையும் கொண்டே எறும்புகளை ஆராய்ந்து 1882-இல் நூல் எழுதினார். 1874-இல் அவரிடம் வந்த ராணி எறும்பொன்று 1888 வரை ஜீவித்திருந்தது என்றால், அவருடைய பொறுமையை என்னென்பது!

ஆகாரம் ஒரு துளித் தேனும், இளம் புழுக்களின் வளர்ச்சிக்காகச் செத்த பூச்சியொன்றுமே. அன்பு மிகுதியால் அதற்குமேல் இட்டால் பூஞ்சணம் பூத்துக் கூடே நாசமாகும். சிவப்பு ஒளி எறும்பின் கண்ணுக்கு ஏறக்குறைய இருளே ஆகையால், இரவில் விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி, மூச்சுக்கூடப் படாமல் பார்ப்பேன். பசித்தது உணர்கொம்பால் தட்டிக் கேட்க, உண்டது தன் வயிற்றில் சேமித்ததை வாயோடு வாய் வைத்து ஊட்டும்.

ஆரம்பத்தில் சிறு அசைவுக்கும் ஓடி ஒளிந்தவை, ஒன்றரை மாதம் நான் கைவைக்காதிருந்த பிறகு, ஓரிரவு ஓடவில்லை. ராணி முட்டையொன்றை ஈன்றது. அருகில் நின்ற எறும்பு அதை மெல்ல ஏந்தி, நக்கித் துடைத்து, மற்ற முட்டைகளோடு கொண்டுபோய்ச் சேர்த்தது.